அர்மாட்டா எங்கே நின்றுபோனது? ரஷ்யாவின் புதிய தலைமுறை டாங்கிகள்

பதிவு 1
தணிகைவேல்

2015 மே 9 அன்று மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் நடந்த வெற்றிநாள் அணிவகுப்பை நேரலையில் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். எனக்கு அது மறக்க முடியாத நாள். டி-14 அர்மாட்டா டாங்கி முதன்முதலாக வெற்றிநாள் அணிவகுப்பில் வந்தது அன்றுதான். பக்கத்துக்கு ஏழு சக்கரங்கள், உயர்ந்த உடல், அதன்மேல் பீரங்கியைத் தாங்கித் திரும்பும், ஆளே உட்காராத சுழல்கூண்டு. ஓட்டுநர், கன்னர், கமாண்டர் மூவரும் உடலின் முன்பகுதியில் ஒரு கவச அறைக்குள் அருகருகே இருப்பார்கள். குண்டுகளும் வெடிமருந்தும் அவர்களுக்குப் பின்னால், தடுப்புச் சுவருக்கு அப்பால். 125 மி.மீ. 2ஏ82 பீரங்கி, 1500 குதிரைத்திறன் எஞ்சின், பாய்ந்து வரும் ஏவுகணையை வழியிலேயே சுட்டு வீழ்த்தும் அஃப்கானித் பாதுகாப்பு அமைப்பு. அதே அடிச்சட்டத்தில் டி-15 என்ற கனரகக் காலாட்படை வண்டியும் டி-16 என்ற மீட்பு வண்டியும் திட்டமிடப்பட்டிருந்தன.

2020க்குள் 2,300 டாங்கிகள் என்றார்கள். பிறகு 2018இல் டி-14, டி-15 இரண்டும் சேர்த்து 132 வண்டிகளுக்கு ஒப்பந்தம் என்றார்கள். 2024 மார்ச்சில், டாங்கித் தொழிற்சாலையைத் தன்கீழ் வைத்திருக்கும் ரஷ்ய அரசு நிறுவனமான ரோஸ்டெக்கின் தலைவர் செர்கேய் செமெசோவே வாய்திறந்து, அர்மாட்டா மற்றவற்றைவிடத் திறமையானது, ஆனால் விலை மிக அதிகம், படை ஏற்கெனவே இருக்கும் டி-90 டாங்கியை வாங்குவதே எளிது என்ற பொருளில் பேசிவிட்டார். நாட்டின் வரலாற்றிலேயே பெரிய டாங்கிப் போர் ஒன்றை நடத்திக்கொண்டிருக்கும்போது, தன் மிகச் சிறந்த டாங்கி களத்துக்கு வேண்டாம் என்று அதைத் தயாரிக்கும் தரப்பே சொல்கிறது.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அர்மாட்டாவின் கருத்து சரியானது. மனிதனையும் வெடிமருந்தையும் ஒரே அறையில் வைக்காதே என்பது அந்தக் கருத்து. ரஷ்யாவால் அதைக் கட்ட முடியவில்லை, அவ்வளவுதான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

பதிவு 2
குறிஞ்சிநாதன்

தணிகைவேல் ஐயா, ஓர் இடத்தில் உங்களோடு முரண்படுகிறேன். "கட்ட முடியவில்லை" என்பதை நீங்கள் 2015இலிருந்து தொடங்குகிறீர்கள். கதை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

1980களிலேயே கார்கிவ் வடிவமைப்பாளர்கள் ஆப்ஜெக்ட் 477 என்ற டாங்கியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மோலொத், அதாவது சுத்தியல், என்று அதற்குப் பெயர். 152 மி.மீ. பீரங்கி. சோவியத் ஒன்றியம் உடைந்தது, கார்கிவ் உக்ரைனுக்குப் போயிற்று, அந்தத் திட்டமும் அநாதையாயிற்று. நிஷ்னி தகில் நகரில் அதே காலத்தில் தொடங்கியது ஆப்ஜெக்ட் 195. அதிலும் 152 மி.மீ. பீரங்கி, ஆளில்லாச் சுழல்கூண்டு, முன்பக்கக் கவச அறையில் மூவர். அர்மாட்டாவுக்கு அண்ணன் என்றே சொல்லலாம். இருபது ஆண்டுகள் உழைத்து, மாதிரி வண்டிகள் ஓடி, கடைசியில் 2010இல் பாதுகாப்புத் துணை அமைச்சராக இருந்த பபோவ்கின் நிதி இல்லை என்று சொல்லித் திட்டத்தை மூடினார்.

ஓம்ஸ்க் நகரத்தார் வேறு வழி பார்த்தார்கள். 1997இல் அவர்கள் காட்டிய கறுப்புக் கழுகு டாங்கியில் ஆட்கள் சுழல்கூண்டிலேயே இருந்தார்கள், ஆனால் குண்டுகள் மட்டும் கூண்டின் பின்புறப் பெட்டிக்குப் போயின. முதல் முறை காட்டியபோது வலை போர்த்தித் தூரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். 1999இல் ஏழு சக்கர அடிச்சட்டத்தோடு மறுபடி வந்தது. அந்தத் தொழிற்சாலையே திவாலாகிவிட்டது, கழுகும் போயிற்று.

ஆக மூன்று நகரங்கள், மூன்று விடைகள். கேள்வி ஒன்றுதான்: டாங்கிக்குள் இருக்கிற மனிதனை மருந்திலிருந்து எப்படிப் பிரிப்பது? இது 2015இல் யாருக்கோ தோன்றிய யோசனை இல்லை. அமெரிக்கர்களும் 1980களில் எம்-1 அடிச்சட்டத்தில் ஆளில்லாச் சுழல்கூண்டு வைத்துச் சோதனை வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த விடை அது. தெரிந்த விடையை நாற்பது ஆண்டுகளாக ஒத்திப்போட்டதை "முடியவில்லை" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியுமா?

பதிவு 3
பட்டறை முருகேசன்

ஆவடியில் டாங்கிப் பட்டறையில் பணி செய்து ஓய்வுபெற்றவன் நான். டி-72 அஜேயாவும் டி-90 பீஷ்மாவும் என் கை பட்ட வண்டிகள். ரகசியம் எதையும் இங்கே எழுதப்போவதில்லை, நூல்களில் வந்திருப்பதையே சொல்கிறேன். ஆனால் உள்ளே இறங்கி உட்கார்ந்து பார்த்தவன் சொல்வதற்கு ஒரு தனிப் பொருள் உண்டு என்று நினைக்கிறேன்.

சுழல்கூண்டை நாங்கள் பட்டறையில் டரட் என்போம். டி-72இன் டரட்டுக்குள் இரண்டு பேர். பீரங்கிக்கு இடப்பக்கம் கன்னர், வலப்பக்கம் கமாண்டர். அவர்கள் காலுக்குக் கீழே ஒரு வட்டத் தட்டு சுழலும். திருவிழா ராட்டினத்தைப் படுக்க வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அதில் 22 குண்டுகள், இரண்டு அடுக்காக. கீழே எறிகுண்டு, மேலே அதை உந்தித் தள்ளும் மருந்துப் பொதி. பொத்தானை அழுத்தினால் தட்டு சுழன்று வேண்டிய குண்டைக் கொண்டுவரும். தூக்கி மேலே ஏற்றும், தள்ளுகோல் குழலுக்குள் தள்ளும், பிறகு மருந்துப் பொதியைத் தள்ளும். சுட்டபின் மருந்துப் பொதியின் உடல் எரிந்துபோகும், அடிப்பகுதி உலோகக் கிண்ணம் மட்டும் மிஞ்சும். அது டரட்டின் பின்பக்கச் சிறு கதவு வழியாக வெளியே எறியப்படும்.

அழகான இயந்திரம் அது. குண்டு ஏற்றும் நான்காவது ஆள் தேவையில்லை. அவன் நிற்க வேண்டிய இடமும் தேவையில்லை. அதனால் வண்டி தாழ்ந்தது, எடை குறைந்தது. டி-72 சுமார் 41 டன்னோடு சேவைக்கு வந்தது அப்படித்தான்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். 22 குண்டுகள் தட்டில். டி-72இல் மொத்தம் 39 குண்டுகள், பிந்தைய பி வகையில் 45. மீதியெல்லாம் எங்கே? ஓட்டுநருக்குப் பக்கத்தில், பின்சுவர் ஓரத்தில், தரையில், இண்டு இடுக்கெல்லாம். தட்டு வண்டியின் அடிவயிற்றில் இருப்பதால் நேராக வரும் குண்டு அதைத் தொடுவது கடினம் என்பதுதான் வடிவமைத்தவர்களின் கணக்கு. அது தவறான கணக்கும் இல்லை. ஆனால் பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ கவசத்தைத் துளைத்து ஒரு தீப்பொறி உள்ளே வந்து ஒரு மருந்துப் பொதியைத் தொட்டுவிட்டால், மற்றவை வரிசையாகப் பற்றும். அழுத்தம் போக வழி இல்லை. பத்து டன்னுக்கும் மேல் எடையுள்ள டரட் அப்படியே பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் போகும். உக்ரைனிலிருந்து வந்த படங்களில் நீங்கள் பார்த்தது அதுதான். செச்சன்யாவின் க்ரோஸ்னியில் 1994இன் கடைசி இரவில் ரஷ்யப் படை நகருக்குள் நுழைந்தபோதும் அதுதான் நடந்தது.

அந்தப் படங்களை என்னால் முழுதாகப் பார்க்க முடியாது. அந்த இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வர எத்தனை நொடி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பதிவு 4
மதிவதனி

முருகேசன் ஐயா, உங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு ஓர் எளிய ஐயம். அமெரிக்க ஏப்ரம்ஸ் டாங்கியில் குண்டுகளைச் சுழல்கூண்டின் பின்பக்கம் தனி அறையில் வைத்து, மேலே பிய்த்துக்கொண்டு போகும் தகடு வைத்திருக்கிறார்கள். வெடித்தால் நெருப்பு மேலே போய்விடும், ஆட்கள் பிழைப்பார்கள். ரஷ்யர்கள் அதையே செய்திருக்கலாமே? ஆளில்லாச் சுழல்கூண்டு வரை ஏன் போக வேண்டும்?

பதிவு 5
பட்டறை முருகேசன்

நல்ல கேள்வி அம்மா. கறுப்புக் கழுகு என்று குறிஞ்சிநாதன் எழுதினாரே, அது ஏறக்குறைய நீங்கள் சொல்வதுதான்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. டரட்டின் பின்னால் பெரிய பெட்டி தொங்கினால் அதற்கும் கவசம் வேண்டும். டரட் நீளும், வண்டி கனக்கும். ஏப்ரம்ஸ் இன்று 60 டன்னைத் தாண்டி நிற்பதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் பல உண்டு. சோவியத் மரபு வேறு. கார்கிவில் டி-64ஐ வடிவமைத்த அலெக்சாந்தர் மொரோசோவ் கவசத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தைச் சுருக்குவதையே தவமாகக் கொண்டவர். உள்ளே ஒரு கன அடி குறைந்தால் அதைச் சுற்றிப் போர்த்த வேண்டிய எஃகும் குறையும். அந்த எடையை முன்கவசத்தில் போட்டுத் தடிமனாக்கலாம். பாலங்கள், ரயில் வண்டிகள், ஆறுகள் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்து எடுத்த முடிவு. டி-64, டி-72, டி-80, டி-90 எல்லாமே அந்த வழியில் வந்தவை.

ஆளில்லாச் சுழல்கூண்டின் சிறப்பு இங்கேதான். கூண்டில் மனிதன் இல்லை என்றால் அதற்கு அவ்வளவு கனமான கவசம் தேவையில்லை. மிச்சப்படும் எடையெல்லாம் மூவர் இருக்கும் முன் அறையைச் சுற்றிப் போகும். அர்மாட்டா சுமார் 55 டன் என்கிறார்கள். மேற்கத்திய டாங்கியின் பாதுகாப்பைக் குறைந்த எடையில் கொண்டுவர வேறு வழி இல்லை. ஒன்றை மட்டும் தெளிவாக்க வேண்டும்: அர்மாட்டாவிலும் சுழல்தட்டு உண்டு, அதில் 32 குண்டுகள், அதுவும் உடலுக்குள்தான். வெடித்தால் டாங்கி போய்விடும். ஆட்கள் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பார்கள் என்பதுதான் மாறுதல்.

பதிவு 6
கடல்மல்லை

எல்லாரும் மிக அழகாக எழுதுகிறீர்கள். ஆனால் நீங்கள் விவாதிப்பது முடிந்துபோன ஒரு காலத்தின் டாங்கியை என்று எனக்குப் படுகிறது. கொஞ்சம் காட்டமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஃப்கானித் அமைப்பின் ஏவுகுழாய்கள் எங்கே இருக்கின்றன என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுழல்கூண்டின் அடியில், உடலோடு ஒட்டி, கிடைமட்டமாக. முன்னும் பக்கமும் வரும் ராக்கெட்டையும் ஏவுகணையையும் அடிப்பதற்கு வைத்தவை அவை. மேலே இருப்பவை புகைக்குண்டு ஏவிகள், எதிரியின் கண்ணை மறைப்பதற்கு. தலைக்கு மேலிருந்து செங்குத்தாக இறங்கும் பொருளை அடிக்கும் குழாய் கண்ணில் படவில்லை.

இப்போது களத்தைப் பாருங்கள். ஒரு சிப்பாய் கண்ணாடி மாட்டிக்கொண்டு பதுங்குகுழியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் ஓட்டும் சிறு ட்ரோன் எடை குறைந்த ஒரு வெடிகுண்டைச் சுமந்துகொண்டு டாங்கியைச் சுற்றி வருகிறது. எங்கே கவசம் மெல்லியது, எங்கே மூடி திறந்திருக்கிறது, எங்கே எஞ்சின் மேல்தகடு என்று பார்த்துப் பொறுமையாக அடிக்கிறது. முதல் ட்ரோன் சங்கிலியை அறுக்கும். நின்றுபோன டாங்கியை அடுத்த ட்ரோன் முடிக்கும். இதற்கு ரஷ்யச் சிப்பாய்கள் கண்டுபிடித்த விடை என்ன தெரியுமா? 2024 ஏப்ரலில் தோனெத்ஸ்க் பகுதியில் கிராஸ்னோகோரிவ்கா அருகே தெரிந்தது. டாங்கி முழுவதையும் இரும்புத் தகட்டுக் கொட்டகையால் மூடிவிட்டார்கள். டரட்டைத் திருப்ப முடியாது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஆமை டாங்கி என்று பெயர் வந்துவிட்டது. சுடுவதற்காகச் செய்த வண்டி, கண்ணிவெடி வயலில் முன்னால் போய் அடி வாங்கும் வண்டியாகிவிட்டது.

ரஷ்யாவின் அடுத்த தலைமுறை டாங்கி எது என்று கேட்டால், களத்தில் நான் பார்ப்பது அந்தக் கொட்டகைதான். வருத்தத்தோடுதான் சொல்கிறேன். கோடிக்கணக்கில் கொட்டி அர்மாட்டாவை வரிசையாகக் கட்டியிருந்தாலும் அதே கொட்டகையைத்தான் அதன்மேலும் போட்டிருப்பார்கள்.

பதிவு 7
தணிகைவேல்

கடல்மல்லை, நீங்கள் எழுதியதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். அஃப்கானித் மேலே பார்க்காது என்பது உண்மை. 2015இல் யாரும் எதிர்பார்க்காத ஆயுதம் இது என்பதும் உண்மை.

ஆனால் மறுபாதியை ஏற்க முடியாது. ட்ரோன் மேலிருந்து அடித்தால் எங்கே அடிக்கிறது? சுழல்கூண்டின் கூரையில். டி-72இல் அந்தக் கூரைக்கு அடியில் இரண்டு மனிதர்கள், அவர்களுக்குக் கீழே 22 குண்டுகள். அர்மாட்டாவில் அதே கூரைக்கு அடியில் மனிதன் இல்லை. ட்ரோன் போர் வந்ததால் ஆளில்லாச் சுழல்கூண்டின் தேவை கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. அடியைத் தடுக்க முடியாத காலத்தில், அடி விழுந்த பிறகும் ஆள் பிழைப்பதுதான் முதல் கேள்வி.

டாங்கியின் காலம் முடிந்தது என்பதையும் நான் நம்பவில்லை. இரண்டு தரப்பும் இன்னமும் டாங்கிக்காக ஏங்குகின்றன. கிடங்கிலிருந்து 2022இல் டி-62ஐ எடுத்தார்கள். 2023இல் ரயிலில் டி-55 போவதை உலகமே பார்த்தது. வேண்டாத பொருளை யாரும் அவ்வளவு ஆழத்திலிருந்து தோண்டி எடுக்க மாட்டார்கள்.

பதிவு 8
குறிஞ்சிநாதன்

தணிகைவேல் ஐயா டி-62, டி-55 என்று தொட்டதால் என் முதல் பதிவின் மிச்சத்தை எழுதுகிறேன். ஏன் ஒத்திப்போட்டார்கள் என்ற கேள்விக்கான விடை அந்தக் கிடங்குகளில்தான் இருக்கிறது.

சோவியத் ஒன்றியம் விட்டுச்சென்ற டி-72 உடல்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஒவ்வொரு முறை புதிய டாங்கி பற்றிய பேச்சு வரும்போதும் கணக்குப் பிள்ளைக்கு அந்தக் கிடங்கு நினைவுக்கு வரும். பழைய உடலை எடு, புதிய கண்ணைப் பொருத்து, வரும் குண்டை எதிர்வெடியால் குலைக்கும் வெடிகவசக் கட்டிகளை ஒட்டு, எஞ்சினை மாற்று. டி-72பி3 அப்படி வந்தது. 2018 ஜூலையில் துணைப் பிரதமர் யூரி போரிசோவ் இதை ஒளிக்காமல் சொன்னார்: படை முழுவதையும் அர்மாட்டாவால் நிரப்புவானேன், நம் டி-72 உலகச் சந்தையில் நன்றாகவே போகிறது என்ற பொருளில். எதிர்த் தரப்பு டாங்கிகளைவிட விலை குறைவு, மேம்படுத்தினால் போதும் என்பது அவருடைய வாதம். நான்கு ஆண்டுகளுக்குள் அந்த டி-72பி3க்கள் கீவ் சாலையில் எரிந்தன.

கண் என்று சொன்னேன். அந்தக் கண் யாருடையது? டி-72பி3இல் பொருத்திய சோஸ்னா-யு என்ற குறிபார்க்கும் கருவி பெலாருஸில் செய்தது. அதற்குள் இருந்த வெப்பப் படக் கருவி பிரான்சின் தாலெஸ் நிறுவனத்துக் கேத்தரின். இரவில் எதிரியை முதலில் பார்ப்பவன்தான் பிழைப்பான். அந்தப் பார்வையையே வெளியே வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2014இல் கிரிமியாவுக்குப் பிறகு தடைகள் வந்ததும் அந்த வாசல் அடைபடத் தொடங்கியது. அர்மாட்டாவைப் பாருங்கள்: ஆளில்லாச் சுழல்கூண்டு என்றால் உள்ளே இருக்கும் மூவருக்கும் கேமராவும் வெப்பப் படமும்தான் கண். மற்ற டாங்கிகளுக்கு நல்ல கண் ஒரு வசதி. அர்மாட்டாவுக்கு அதுவே உயிர்.

எஞ்சினுக்கும் அதே கதை. டி-34இல் ஓடிய வி-2 எஞ்சின் 500 குதிரைத்திறன். அதன் வாரிசுகள்தான் டி-72இல் 780, இன்றைய டி-90எம்மில் 1130. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பம், ஒவ்வொரு பழுதும் ஒவ்வொரு பட்டறைக்கும் மனப்பாடம். அர்மாட்டாவுக்கு அந்தக் குடும்பத்தைச் சாராத புதிய எஞ்சின் வேண்டியிருந்தது. பன்னிரண்டு சிலிண்டர்கள் எக்ஸ் வடிவில் அமைந்த, செல்யாபின்ஸ்க் தொழிற்சாலையின் எஞ்சின். சிறிய இடத்தில் பெரிய திறன் கிடைக்கும். ஆனால் புதிய எஞ்சினை நம்பத்தக்கதாக ஆக்குவது ஆயிரம் வண்டிகளை ஆயிரம் சாலைகளில் ஓட்டிக் கெடுத்துத் திருத்துவதால்தான் வரும். நூறு வண்டிகூடக் கட்டாத திட்டத்தில் அது எப்படி நடக்கும்?

2015 மே 7 ஒத்திகையில் ஓர் அர்மாட்டா செஞ்சதுக்கத்தில் நின்றுபோனதை எல்லாரும் சொல்லிக் காட்டுவார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புதிய வண்டி நிற்கத்தான் செய்யும், சற்று நேரத்தில் தானாகவே கிளம்பியும் போயிற்று. நின்ற வண்டியைவிட, அதன்பின் வராத இரண்டாயிரம் வண்டிகள்தான் என்னை உறுத்துகின்றன.

பதிவு 9
பாலைச்சங்கிலி

ராஜஸ்தானில் டி-72 ஓட்டிய முன்னாள் படைவீரன். இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இரண்டு செய்திகள்.

முதலாவது, பின்னோக்கிச் செல்வது. டி-72, டி-90 இரண்டிலும் பின்கியர் வேகம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான். மனிதன் நடக்கும் வேகம். இது எவ்வளவு பெரிய குறை என்று அணிவகுப்பில் தெரியாது. மறைவிலிருந்து முன்னேறிச் சுட்டுவிட்டு உடனே மறைவுக்குப் பின்வாங்க வேண்டும். மேற்கத்திய டாங்கி முகத்தை எதிரிக்குக் காட்டியபடியே வேகமாகப் பின்னால் போகும். நாம் ஒன்று ஊர்ந்து போக வேண்டும், அல்லது வண்டியைத் திருப்பி மெல்லிய முதுகைக் காட்ட வேண்டும். உக்ரைனிலிருந்து வந்த காட்சிகளில் திரும்பும்போது அடிபட்ட டாங்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தானாகக் கியரைத் தேடுகிறது. பீரங்கி, கவசம் என்று பேசுபவர்கள் கியர்பெட்டியைப் பேசுவதில்லை. இந்தப் போரில் அது பலரைக் கொன்றிருக்கிறது.

இரண்டாவது, கமாண்டரின் தலை. எங்கள் கமாண்டர்கள் முடிந்தபோதெல்லாம் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டியே பார்ப்பார்கள். கருவி காட்டாததைக் கண்ணும் காதும் காட்டும். புழுதி எந்தப் பக்கம் எழும்புகிறது, அடுத்த வண்டி எங்கே திரும்புகிறது, எல்லாம் ஒரு நொடியில் பிடிபடும். அர்மாட்டாவில் கமாண்டர் உடலுக்குள், தாழ்வாக உட்கார்ந்திருக்கிறார். அவர் தலையை வெளியே நீட்டினாலும் சுழல்கூண்டு பின்பக்கத்தை மறைக்கும். கேமராக்களின் கண்ணாடியில் சேறு படிந்தால், துண்டுச் சில்லுகள் உடைத்தால், மூன்று பேரும் இருட்டில். குறிஞ்சிநாதன் கண்தான் உயிர் என்று எழுதியதை ஓட்டியவனாக வழிமொழிகிறேன்.

அப்படியிருந்தும் எனக்கு எந்த இருக்கை வேண்டும் என்று கேட்டால் அர்மாட்டாவின் இருக்கையைத்தான் கேட்பேன்.

பதிவு 10
மதிவதனி

ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் மனம் ஆறாது. இந்த டாங்கிகள் எரிந்தது உக்ரைன் மண்ணில். தம் ஊரைக் காக்க நின்றவர்கள்தான் அவற்றை எரித்தார்கள். டாங்கிக்குள் இருந்த இளைஞர்களுக்காக நாம் வருந்துவது சரி, நானும் வருந்துகிறேன். அந்தக் குழல் எந்த வீடுகளை நோக்கித் திரும்பியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

இன்னொரு பக்கம், இது தூரத்துச் செய்தி மட்டும் இல்லை. 2001 ஒப்பந்தத்தில் இந்தியா வாங்கிய 310 டி-90களில் 124 முழுதாக வந்தன, மீதி ஆவடியில் பூட்டப்பட்டன. அதன்பின் அங்கேயே கட்டியவை எத்தனையோ. முருகேசன் ஐயா சொன்ன அந்தச் சுழல்தட்டின்மேல்தான் நம் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். டி-72களுக்கு மாற்றாக எதிர்காலப் போர் வண்டி வாங்குவதற்கு 2024 செப்டம்பரில் நம் பாதுகாப்புக் கொள்முதல் குழு முதற்கட்ட ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ரஷ்யா நாற்பது ஆண்டுகளாக ஒத்திப்போட்ட அதே கேள்வி இப்போது நம் மேசைக்கு வந்திருக்கிறது.

பதிவு 11
கடல்மல்லை

மதிவதனி சொன்னதற்கு என் நன்றி. முதல் பகுதியையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் பழைய பதிவிலும் ஒரு திருத்தம். செயல் பாதுகாப்பு அமைப்பு பற்றி மேலும் தேடிப் படித்தேன். பறந்துவரும் ராக்கெட்டை வழியிலேயே அடிக்கும் அமைப்பை உலகில் முதலில் சேவைக்குக் கொண்டுவந்ததே சோவியத் நாடுதான். துரோஸ்த் என்று பெயர். 1983இல் டி-55ஏடி டாங்கியில். 1990களில் கொலோம்னாவில் அரீனா என்ற அடுத்த அமைப்பு வந்தது, ஆயுதக் கண்காட்சிகளில் எல்லாம் காட்டினார்கள். இஸ்ரேலின் இதே வகை அமைப்பான டிராபி 2011 மார்ச்சில் உண்மையான களத்தில் ஓர் ஏவுகணையை வீழ்த்தியது. 2022 பிப்ரவரியில் எல்லை தாண்டிய ரஷ்ய டாங்கி வரிசையில் இப்படி ஒன்று பொருத்திய வண்டியை நான் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. கண்டுபிடித்தவர்களே கைவிட்டிருக்கிறார்கள். ட்ரோன் எதிர்பாராத ஆயுதம் என்று நாம் சொல்லலாம். தோளில் வைத்து ஏவும் ராக்கெட் எதிர்பாராததா?

பதிவு 12
பட்டறை முருகேசன்

டி-90எம் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. இன்று நிஷ்னி தகிலில் உண்மையில் வெளியே வருவது அதுதான் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

2017இல் காட்டினார்கள், 2020இல் படைக்குப் போகத் தொடங்கியது. தகடுகளை வெல்டிங் செய்து கட்டிய புதிய சுழல்கூண்டு, ரெலிக்த் வெடிகவசம், கலீனா என்ற குறிபார்க்கும் தொகுதி. தட்டில் இருக்கும் 22 குண்டுகள் போக மிச்சத்தில் ஒரு பகுதியை டரட்டுக்கு வெளியே பின்பக்கப் பெட்டிக்கு மாற்றிவிட்டார்கள். அது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. தட்டைச் சுற்றியும் கூடுதல் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். ஆட்கள் பிழைத்து இறங்கி ஓடும் காட்சிகள் டி-90எம்மில் சில வந்திருக்கின்றன.

ஆனால் அர்மாட்டாவுக்கென்று செய்த 2ஏ82 பீரங்கி இதில் இல்லை. பழைய 2ஏ46 குடும்பத்துப் பீரங்கிதான். காரணம் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே தட்டு. புதிய பீரங்கிக்கென்று செய்த ஊடுருவு குண்டுகள் நீளமானவை. நீளம் கூடினால் துளைக்கும் ஆழமும் கூடும். டி-72 உடலின் அகலத்துக்குள் சுழல வேண்டிய தட்டில் அந்த நீளத்துக்கு இடமில்லை. பின்கியரும் மாறவில்லை, பாலைச்சங்கிலி தம்பி சொன்ன அதே வேகம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வகுத்த ஒரு வட்டத்தின் விட்டம் இன்றைய பீரங்கியை முடிவுசெய்கிறது. இதைப் பட்டறைக்காரனாகச் சொல்கிறேன்: டரட்டை மாற்றலாம், எஞ்சினை மாற்றலாம், கண்ணை மாற்றலாம். உடலின் அகலத்தை மாற்ற வேண்டுமென்றால் அது வேறு வண்டி. அந்த வேறு வண்டிதான் அர்மாட்டா.

பதிவு 13
தணிகைவேல்

இந்த இழையைத் தொடங்கியபோது எழுதிய ஒரு வாக்கியத்தை மாற்ற விரும்புகிறேன். "ரஷ்யாவால் அதைக் கட்ட முடியவில்லை, அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தேன். குறிஞ்சிநாதன் காட்டிய மூன்று நகரங்கள், போரிசோவின் பேச்சு, கடல்மல்லை கொண்டுவந்த துரோஸ்த், முருகேசன் ஐயாவின் வட்டத்தட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபின் அந்த வாக்கியம் நிற்காது. எஞ்சினும் வெப்பப் படக் கருவியும் முடியாதவை என்பது சரி. மருந்தையும் மனிதனையும் பிரிப்பது முடியாததாக இருக்கவில்லை. 1990களில் ஓம்ஸ்கிலும், பிறகு தகிலிலும் ஓடும் வண்டியாகவே இருந்தது. வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முறை. முதல் பதிவில் அப்படியே திருத்துகிறேன். பழைய வரியை அழிக்காமல் கீழே குறிப்பாகச் சேர்க்கிறேன், பதில் எழுதியவர்களின் பதிவுகள் பொருளிழந்துவிடக் கூடாது.

முருகேசன் ஐயா, ஒரே ஒரு கேள்வி மிச்சம். டி-90எம்மின் பின்பக்கப் பெட்டிக் குண்டுகளைச் சண்டை நடக்கும்போது உள்ளே எடுக்க முடியுமா, அல்லது வெளியே இறங்கித்தான் எடுக்க வேண்டுமா?

பதிவு 14
பட்டறை முருகேசன்

வெளியே இறங்கித்தான் தம்பி. பெட்டிக்கும் டரட்டின் உட்புறத்துக்கும் நடுவே வழி இல்லை, வழி இல்லாததால்தான் நெருப்பும் உள்ளே வராது. தட்டில் இருக்கும் 22 தீர்ந்தால் ஓரிடத்தில் மறைவாக நிறுத்தி, ஆட்கள் இறங்கி, பெட்டியைத் திறந்து, எறிகுண்டு ஒன்று மருந்துப் பொதி ஒன்று என்று கைமாற்றி உள்ளே இறக்கித் தட்டை நிரப்ப வேண்டும். ட்ரோன் தலைக்கு மேல் சுற்றும் களத்தில் மூன்று பேர் டாங்கிக்கு வெளியே அந்த வேலையைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். தட்டை மட்டும் நிரப்பிக்கொண்டு, பெட்டியைக் காலியாகவே விட்டுப் போவதைத்தான் நானாக இருந்தால் செய்வேன்.